தள்ளிக்கோ நைனா

12 ஜனவரி 2025, ஞாயிறு

பூநாரைக்கு முப்பத்தொரு லைக். அதில் நான்கு என் சொந்தக்காரர்கள், ஒன்று நானே போட்டுக்கொண்டது. பழவேற்காடு ஏரியில் வந்து இறங்குகிற பூநாரை பிறக்கும்போது சாம்பல் நிறம்தான், தின்னும் தீனியால்தான் பிறகு சிவக்கிறது என்று மூன்று நாள் படித்து, படம் தேடி, சர்ச்சுக்குக் கிளம்பும் அவசரத்திலும் எழுத்துப்பிழை பார்த்துப் போட்டேன். எதிர்வீட்டு அக்கா தன் வாசல் கோலத்தைப் போட்டிருக்கிறார். அதற்கு நானூறு.

ஃபேஸ்புக்கில் 'பொட்டலக் காகிதம்' தொடங்கி ஆறு வருடம். வடை சுற்றி வரும் காகிதத்தை எண்ணெய்க் கறையோடு வாசித்து வளர்ந்தவள் நான். பாதியில் தொடங்கிப் பாதியில் முடிகிற அந்தச் செய்திகளைப் போல, பழங்கதை, பறவை, ஓவியம், சிரிப்பு என்று கைக்குக் கிடைப்பதை மடித்துக் கொடுக்கலாம் என்றுதான் பக்கத்துக்கு அந்தப் பெயர் வைத்தேன். பகல் முழுக்க இ-சேவை மையத்தில் அடுத்தவர் பெயரையும் பிறந்த தேதியையும் அடிக்கிறேன். எனக்காக அடிப்பது இது ஒன்றுதான். இரண்டாயிரத்து நூறு பேர் பின்தொடர்கிறார்கள். அதில் பாதிப் பேர் செத்திருப்பார்கள் என்கிறாள் மகள் ஸ்நேகா. எட்டாவது படிக்கிற வாய் அது.

என் வீட்டுக்காரர் மட்டும் ஒன்று விடாமல் கேட்பார். வாசிக்க மாட்டார், நான் வாசித்துக் காட்ட வேண்டும். பூநாரையைக் கேட்டுவிட்டு, "அப்ப இம்மாம் இட்லி துன்றேன், நான் இன்னும் வெளுக்கலியே ஷைனி" என்றார். அதையே தலைப்பாக வைத்திருக்கலாம். தோன்றவில்லை.

15 ஜனவரி, புதன்

அத்திரம்பாக்கத்துக் கற்கோடரி போட்டேன். நம் மாவட்டத்திலேயே, பதினைந்து லட்சம் வருடத்துக்கு முந்தியது என்று எழுதினேன். வந்த ஒரே கேள்வி: "இன்னா விலை சிஸ்டர்?"

19 ஜனவரி, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவரிடம் புத்தகத்தில் இருந்த ஒரு பழைய ஓவியத்தைக் காட்டினேன். எந்த நாட்டு ராஜாவோ, சாகக் கிடக்கிறார். கட்டிலைச் சுற்றி ராணி, வைத்தியர், பாதிரியார், மந்திரி, ஒரு நாய், எல்லாமாக முப்பது பேர். அந்தக் காலத்தில் ராஜாக்களுக்குத் தனியாகச் சாகக்கூட வழியில்லை என்று எழுதலாமென்று யோசித்து வைத்திருந்தேன். போனில் வீடியோவை ஓடவிட்டு, "இத்தப் பாத்தா இன்னா தோணுது?" என்று கேட்டேன்.

கையெல்லாம் குழம்பு. ஒரு பார்வைதான் பார்த்தார். அவருடைய கம்பெனிக் குரலில், வீடே அதிர, "தள்ளிக்கோஓஓ நைனா" என்றார். அப்புறம் சாதாரணக் குரலில், "அந்தாளுக்குக் காத்து வரட்டும். நோவுல ஒண்ணும் சாவ மாட்டான், இவுங்கோ நிக்கிற நிப்புலயே பூடுவான்."

ஸ்நேகாவுக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

அவருக்கு அது தமாஷ் வார்த்தை இல்லை. சிப்காட்டில் அவர் இருக்கிற இரும்புக் கம்பெனியில் பதினாறு வருடமாக அவர் வேலையே அந்த இரண்டு வார்த்தைதான். மேலே கிரேன் ஓடும், அதில் இரண்டு டன் கம்பிக்கட்டு தொங்கும். கீழே இவர் நடந்துகொண்டே கிரேன் ஓட்டுபவருக்குக் கையால் சைகை காட்ட வேண்டும், பாரத்துக்கு அடியில் வருகிறவர்களை விலக்க வேண்டும். கிரேனில் மணி அடித்துக்கொண்டேதான் இருக்குமாம். எப்போதும் அடிப்பதால் யார் காதிலும் விழாதாம். இவர் குரல்தான் விழும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறவர்கள் 'சோறு' என்று சொல்லக் கற்பதற்கு முன்னால் 'தள்ளிக்கோ நைனா'வைக் கற்றுக்கொள்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்வார்.

"போடட்டுமா?" என்று கேட்டேன். கேட்டேன், அதை எழுதி வைக்கிறேன். "போட்டுக்கோ. யாரு பாக்கப் போறா" என்றார்.

23 ஜனவரி, வியாழன்

நாலு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். நாலு லட்சம். கம்ப்யூட்டரில் ஒரு பெரியவரின் சாதிச் சான்றிதழ் பாதியில் நிற்கிறது, நான் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சந்தோஷமாக இருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆறு வருடப் பட்டினி.

27 ஜனவரி, திங்கள்

அவர் குரலை மட்டும் பிரித்தெடுத்து எல்லோரும் போடுகிறார்கள். ஒரு பூனை இன்னொரு பூனையைச் சோபாவிலிருந்து தள்ளுகிறது, தள்ளிக்கோ நைனா. கல்யாணத்தில் போட்டோக்காரர் மாமியாரை ஓரம் கட்டுகிறார், தள்ளிக்கோ நைனா. எருமை மாடு பஸ்ஸை மறிக்கிறது. மலேசியாவிலிருந்துகூட ஒன்று. எல்லாவற்றையும் சேமித்து வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் அன்புசெல்வனும் அவர் மனைவி நர்மதாவும் ஸ்வீட் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அன்புசெல்வன் இவரோடு ஒரே ஷெட்டில் கேஸ் கட்டிங் செய்கிறவர். பத்து வருடப் பழக்கம், இவரைக் கூடப் பிறந்தவராகவே நினைப்பவர். "அண்ணன் இப்ப ஸ்டாரு அண்ணி. நம்மள்லாம் இனிமே அப்பாயின்மென்ட் வாங்கினுதான் பாக்கணும்" என்றார். ஹெல்மெட்டோடு அவரும் ஒரு ரீல் போட்டிருக்கிறார். குரல் வரும்போது திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை மேலே தூக்கி இடுப்பை ஒரு வெட்டு வெட்டுகிறார். இப்போது அந்த வெட்டைத்தான் எல்லோரும் ஆடுகிறார்கள். எங்கள் கூடத்தில் ஆடிக் காட்டினார். நர்மதா தலையில் அடித்துக்கொண்டாள். இவர் வெட்கப்பட்டுக்கொண்டு லட்டை இரண்டாகப் பிட்டுப் பிட்டுத் தின்றார்.

2 பிப்ரவரி, ஞாயிறு

நாற்பத்தோராயிரம் பேர் இப்போது பின்தொடர்கிறார்கள். பழைய கையெழுத்துப் புத்தகங்களின் ஓரத்தில் போர்வீரன் நத்தையோடு சண்டை போடுகிற மாதிரி வெளிநாட்டில் வரைந்து வைத்திருக்கிறார்கள், ஏன் என்று இன்றுவரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. எவ்வளவு அருமையான விஷயம். போட்டேன். கீழே வரிசையாக, "அண்ணன் எங்கே?" "நத்தையைத் தள்ளிக்கோ நைனா."

அவரை வைத்து இன்னும் இரண்டு எடுத்துப் பார்த்தேன். கேமரா என்று தெரிந்ததும் கல்யாண மாப்பிள்ளை முகம் வந்துவிடுகிறது. தேறவில்லை.

9 பிப்ரவரி, ஞாயிறு

காலையில் நாஷ்டா சாப்பிடும்போது சொன்னார். "நேத்து கத்தினேன். ஒர்த்தனும் நவுரல ஷைனி. சிரிக்கிறானுங்கோ."

"யாரு?"

"எல்லாந்தான். அந்த ஒடிசா பசங்க கூட கையத் தூக்கி ஆடுறானுங்கோ. பாரம் தலைக்கு மேல போயிக்கினு கீது. நான் போயி ஒவ்வொருத்தனா இழுத்து விட்டேன்."

நான் தோசையைத் திருப்பிக்கொண்டே, "கொஞ்ச நாளு ஆனா பழகிடும், புதுசு இல்ல?" என்றேன். இதையும் எழுதி வைக்கிறேன். அவர் சொன்னதை நான் சரியாகக் கேட்கவே இல்லை. என் மனது அப்போது நத்தையிடம் இருந்தது.

20 பிப்ரவரி, வியாழன்

வேறு வார்த்தை சொல்லிப் பார்க்கிறாராம். 'ஓரம் போ', 'நவுரு', இந்தியில் 'ஹட்டோ'. அமைதியாக இருக்கும்போது ஞாபகம் வருகிறது. அவசரத்தில் வாய் பழைய வார்த்தைக்கே போய்விடுகிறது. "பதினாறு வருஷமா அதான் வருது, நான் இன்னா பண்றது" என்றார்.

என் பக்கத்திலிருந்து அந்த வீடியோவை எடுத்துவிட்டேன். எடுப்பதற்கு முன்னால் பத்தொன்பது லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். எடுத்த பிறகும் எதுவும் மாறவில்லை, குரல் எங்கெங்கோ போய் உட்கார்ந்திருக்கிறது. தெரிந்த பக்கங்களுக்கெல்லாம் எழுதினேன், "என் கணவர் குரல், தயவுசெய்து எடுத்துவிடுங்கள்" என்று. இருபத்தாறு பேருக்கு எழுதினேன். மூன்று பேர் எடுத்தார்கள். ஒருவர், "உங்க கணவர்தானா? ஒரு இன்டர்வியூ கிடைக்குமா?" என்று கேட்டார்.

21 பிப்ரவரி

புகார் கொடுத்ததற்குப் பதில்: எங்கள் விதிகளை மீறவில்லை.

4 மார்ச், செவ்வாய்

இன்று கம்பெனியில் பாதுகாப்பு தினம். சேஃப்டி ஆபீசர் சரவணகுமார் சின்ன வயசு, சுறுசுறுப்பானவர். ஊரெல்லாம் தெரிந்த வார்த்தையை நல்லதுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அவருக்கு யோசனை வந்திருக்கிறது. கேட்டில் பத்தடி பேனர், அதில் இவர் படம், பக்கத்தில் பெரிய எழுத்தில் 'தள்ளிக்கோ நைனா! பாதுகாப்பே முதல்!' எல்லோருக்கும் அதே எழுத்துப் போட்ட பனியன்.

இவரை மேடையில் ஏற்றி மைக்கில் சொல்லச் சொன்னார்களாம். சொன்னார். கைதட்டல். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று மூன்று முறை. முன்வரிசையில் அன்புசெல்வன் எழுந்து ஆடினாராம்.

பனியனை நான்காக மடித்து எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார். "சாரு கிட்ட சொன்னேன், இத்த தமாஷாக்காதீங்கோன்னு. 'அண்ணே, மெசேஜ் ரீச் ஆவுதுல்ல, அதான் முக்கியம்'ன்றாரு." பனியனை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். இன்று வரைக்கும் இவர் என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் தேவலை.

18 மார்ச், செவ்வாய்

அன்புசெல்வன் கால்

ஐயோ இன்னா எழுதறது. இவர் அவர் கூட ஆஸ்பத்திரியில் இருக்கார். போன்ல அழுதார். நான் இவர் அழுது பார்த்ததே இல்ல. ஸ்நேகாவுக்கு ஒண்ணும் சொல்லல. கர்த்தரே.

19 மார்ச், புதன்

இப்போது கொஞ்சம் எழுத முடிகிறது.

நேற்றுக் காலை பத்தரை மணி. கிரேன் கம்பிக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஒரு பக்கத்துச் சங்கிலி நழுவுவதை இவர் கீழேயிருந்து பார்த்துவிட்டார். கிரேனை நிறுத்தச் சைகை காட்டினார். கட்டுக்கு நேர் கீழே அன்புசெல்வன், முதுகைக் காட்டிக்கொண்டு, கட்டிங் முடித்து ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இவர் இருபதடி தள்ளி. ஓடிக்கொண்டே கத்தினார். வாயில் அதுதான் வந்தது.

அன்புசெல்வன் திரும்பவில்லை. ஒரு கையை மேலே தூக்கினார். இடுப்பை ஒரு வெட்டு வெட்டினார்.

இவர் இரண்டாவது தடவை கத்தினாராம், மூன்றாவது தடவையும். மூன்றாவது தடவைக்குக் குரல் மாறியிருக்க வேண்டும், அன்புசெல்வன் ஒரு எட்டு முன்னால் வைத்தார். அதனால்தான் உயிரோடு இருக்கிறார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பின்னால் இருந்த வலது கால் மாட்டிக்கொண்டது. பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள்.

நான் போட்டது ஒரு ராஜா படம்.

23 மார்ச், ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனோம். அன்புசெல்வன் இவரைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார்.

"கத்தினது கேட்டுச்சுண்ணா. நல்லாவே கேட்டுச்சு. ரீலுன்னு நெனச்சிட்டேன்."

இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னொரு வார்த்த சொல்லியிருக்கணும் நைனா நானு." நைனா என்று வாயில் வந்ததும் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

நர்மதா என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றுகூட இருந்தது. மெதுவாகத்தான் கேட்டாள். "அண்ணி, அந்த வீடியோவ எடுத்துடேன். போனத் தொறந்தாலே அதான் வருது. பக்கத்து பெட்டுல கூட வச்சிக்கினு சிரிக்கிறாங்கோ. இவுரு அதக் கேட்டா தலையத் திருப்பிக்கிறாரு."

"நான் போன மாசமே எடுத்துட்டேன் நர்மதா."

"அப்ப எப்டி வருது?"

எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது? எனக்கே புரிந்த மாதிரி இல்லை. நான் எடுக்காமல் பொய் சொல்வதாகத்தான் அவள் முகம் சொன்னது. போனை எடுத்து என் பக்கத்தைத் திறந்து காட்டினேன், இல்லை பார் என்று. அவள் பூநாரையையும் கற்கோடரியையும் பார்த்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

28 மார்ச், வெள்ளி

விசாரணை. சங்கிலி ஏன் நழுவியது என்று தனியாகப் பார்க்கிறார்களாம். இவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: எச்சரித்தீர்களா, என்ன சொல்லி எச்சரித்தீர்கள்.

"குரல் குடுத்தேன்னு சொன்னேன். 'வார்த்தைய சொல்லுங்க, எழுதணும்'ன்னாரு. சொன்னேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒர்த்தரு வாயப் பொத்திக்கினாரு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். எனக்குத்தான் அந்த மேசையைப் புரட்டிப் போட வேண்டும் போல இருந்தது.

தாளில் எழுதியிருப்பதைப் போட்டோ எடுத்து வந்திருந்தார், வாசிக்கச் சொன்னார். 'தொழிலாளி முறையான எச்சரிக்கை வாக்கியத்தைப் பயன்படுத்தவில்லை. கேலிக்குரிய வழக்குச் சொல்லைப் பயன்படுத்தியுள்ளார்.' இரண்டு தடவை வாசித்தேன். "கேலிக்குரியன்னா இன்னா?" என்று கேட்டார். சொன்னேன்.

2 ஏப்ரல், புதன்

அரை நாள் லீவு போட்டுக் கம்பெனிக்குப் போனேன். கேட்டில் பேனர் இல்லை, கட்டியிருந்த கயிறு மட்டும் தொங்கியது. சரவணகுமார் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். எல்லாம் என்னால்தான், வீடியோ போட்டது நான், அவர் மேல் தப்பே இல்லை, எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன் என்றேன்.

"மேடம், நீங்க வீட்டுல ஜாலியா ஒண்ணு போட்டீங்க. அது எப்படிம்மா விபத்துக்குக் காரணம் ஆகும்? ஃபைல்ல அதுக்கு இடமே இல்ல" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பாதுகாப்பு தினத்து போட்டோ ஏதாச்சும் உங்ககிட்ட இருந்தா எடுத்துடுங்க மேடம். பேனரு, பனியன் அதெல்லாம். ப்ளீஸ்" என்றார்.

அவரும் ராத்திரி தூங்குவதில்லை என்று கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. அவர் மேல் ஆத்திரப்படலாம் என்றுதான் போனேன். அதற்கும் வழியில்லாமல் திரும்பி வந்தேன்.

6 ஏப்ரல், ஞாயிறு

நடந்ததை எழுதிப் பொட்டலக் காகிதத்தில் போட்டுவிட்டேன். அவர் வேலை என்ன, அந்த வார்த்தை என்ன வேலை செய்தது, அது எப்படித் தமாஷானது, யாருக்கு என்ன ஆனது. பெயர் ஒன்றும் போடவில்லை. ஆறு வருடத்தில் நான் எழுதியதிலேயே நன்றாக எழுதியது இதுதான் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கே வெட்கமாகவும் இருந்தது. இதைப் படித்தால் நிறுத்திவிடுவார்கள். மனுஷர்கள்தானே.

7 ஏப்ரல், திங்கள்

"அழுதுட்டேன் சிஸ்டர்." இதைப் போல ஒரு முப்பது. கடவுள் அவர்களுக்கு நல்லது செய்யட்டும்.

"கதை சூப்பர். அடுத்த பார்ட் எப்போ?"

"கால் போச்சா? தள்ளிக்கினு இருக்கலாமே நைனா." இதற்கு இரண்டாயிரத்து எழுநூறு சிரிப்பு.

மத்தியானத்துக்குள் யாரோ என் பதிவைச் சோகக் குரலில் வாசித்து, கடைசியில் இவர் குரலைச் சேர்த்து ஒரு வீடியோ செய்துவிட்டார்கள். பழைய வீடியோவைப் பார்க்காதவர்களும் இப்போது தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். நிறுத்தப் போய் நானே தூக்கிக் கொடுத்திருக்கிறேன். இனிமேல் எதையும் செய்யாமல் இருப்பது ஒன்றுதான் என்னால் ஆகக்கூடியது போலிருக்கிறது.

9 ஏப்ரல்

பக்கத்தை மொத்தமாக அழிக்கச் சொல்லிவிட்டேன். யோசிக்க முப்பது நாள் தருகிறதாம்.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை முடிந்து வாசலில் ஒரே நெரிசல். எப்போதும் இவர்தான் குரல் கொடுத்து வயசானவர்களுக்கு வழி விடுவார். இன்று பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். கடைசி ஆள் வெளியே போன பிறகு எழுந்தார். ஸ்நேகா, "அப்பா ஏம்மா பேசவே மாட்டேங்குது?" என்று கேட்டாள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்னேன். பெரிய வெள்ளியும் அதுவுமாகப் பொய்.

11 மே, ஞாயிறு

பக்கம் போய்விட்டது. ஆறு வருடம். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எதிர்வீட்டு அக்கா மட்டும், "ஏண்டி இப்பல்லாம் பறவை கிறவை ஒண்ணும் போடறதில்ல?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, பால் பொங்குகிறது என்று உள்ளே வந்துவிட்டேன்.

இவரை ஷெட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது கேட் பக்கம் லாரி எடை போடுகிற இடத்தில் நம்பர் எழுதுகிறார். நிழல், நாற்காலி, மின்விசிறி எல்லாம் இருக்கிறது. நல்ல வேலைதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அவரும் சொல்கிறார். ஷெட்டில் அவர் இடத்துக்கு வந்தவருக்கு விசில் கொடுத்திருக்கிறார்களாம். விசில் எல்லோருக்கும் கேட்கிறதா என்று கேட்டேன். "கேக்குது" என்றார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "இன்னிக்கு வரிக்கும் கேக்குது" என்றார்.

புதிதாக ஒன்று படித்தால் இப்போதும் அவரிடம்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. காக்கை தனக்குத் தீங்கு செய்த மனித முகத்தை வருடக்கணக்கில் மறக்காதாம். முன்பானால் அதற்கு ஏதாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்து உருட்டியிருப்பார். இப்போது "அப்டியா" என்றார். அவர் பக்கத்தில் நான் போன் வைத்திருந்தேன். அதைப் பார்த்தபடியே சொன்னார். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

15 ஜூன், ஞாயிறு

அன்புசெல்வனைப் பார்க்கக் கவரைப்பேட்டைக்குக் கிளம்பினோம். அளவெடுத்துச் செய்த ஷூ வந்துவிட்டதாம், போட்டு நடந்து காட்டுகிறேன் வாங்கண்ணா என்று கூப்பிட்டிருந்தார். இவர் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, வெகுநாளைக்குப் பிறகு முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் நல்ல கூட்டம். முகூர்த்த நாள் போல. பட்டுப்புடவையும் சீர்த்தட்டுமாக ஒரு கல்யாணக் கூட்டம் எங்களுக்குப் பின்னால் வந்தது. முன்னால் நிற்பவர்கள் வழி விடவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒரு பெண், நல்ல குஷியில், போனைத் தலைக்கு மேலே தூக்கிச் சத்தமாக வைத்தாள்.

"தள்ளிக்கோஓஓ நைனா."

என் முழங்கையை யாரோ பிடித்து இழுத்தார்கள். இவர்தான். என்னை இழுத்துக்கொண்டு இரண்டே எட்டில் சுவரோரம் போய், தன் முதுகால் என்னை மறைத்துக்கொண்டு நின்றார். ஒரு கை, நில் என்று, தானாக உயர்ந்திருந்தது. மேலே பார்த்தார். தகரக் கூரையும் ஒரு மின்விசிறியும்தான் இருந்தன.

"யாரு கத்தினது?" என்று கேட்டார்.

"யாரோ" என்றேன்.

பிளாட்பாரத்தில் மற்ற எல்லோரும் சிரித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றார்கள்.